வாய்க்காலும் பத்தாயமும்

தஞ்சைத் தரணியின் பழைய வேளாண்குடி வீடுகளுள் நுழைந்தால், கூடத்தை அடுத்த அறையில் கனத்த பலகைகளால் ஆன பத்தாயம் ஒன்று நிற்கக் காணலாம். இன்று பல வீடுகளில் அது வெறுமையாக நிற்கிறது; சில வீடுகளில் உடைந்த நாற்காலிகளுக்கும் பழம் பாத்திரங்களுக்கும் உறைவிடமாகிவிட்டது. எனினும் ஒரு காலத்தில் அவ்வீட்டின் ஓராண்டு வாழ்வு அதனுள்ளேதான் இருந்தது. வயலுக்கு நீர் வாய்க்காலில் வரும். அதனைத் திறப்பதும் அடைப்பதும் நம் கையில் இல்லை. சூன் 12 ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுவது வழக்கம்; திறவாது போன ஆண்டுகளும் உண்டு. பத்தாயத்து நெல்லோ நம்முடையது. அதன் திறவுகோல் எங்கள் பாட்டியின் இடுப்பில் இருந்தது.

வாய்க்காலின் வேலையையும் பத்தாயத்தின் வேலையையும் ஒருங்கே செய்யும் ஒரு சிறு கருவியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். தொலைக்காட்சியின் அருகே வைக்கப்படும் அப்பெட்டி, நீங்கள் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தினும் சிறியது. இணையத்தின் வழியே வரும் படங்களை அது திரையில் காட்டும். அதே சமயம், வீட்டாருக்குச் சொந்தமான படங்களையும் பாட்டுகளையும் தன்னோடு இணைந்த வட்டில் வைத்திருந்து, வீட்டிலுள்ள மற்றத் திரைகளுக்கும் எடுத்து வழங்கும். முதல் தொழிலை ஸ்ட்ரீமிங் என்றும், இரண்டாம் தொழிலைச் செய்வதனை மீடியா சர்வர் என்றும் வழங்குகின்றனர். ஒரே பெட்டி, ஒரே திரை, கையில் ஒரே ரிமோட்டு. ஆகவே இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். எங்கள் வீட்டிலும் அவ்வாறே எண்ணினோம், ஏமாந்தோம்.

முதலில் வாய்க்காலைக் காண்போம்.

1939 மே 16 ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கிற்று. 1975 ஆகஸ்டு 15 ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. இவ்விரண்டும் மழையைப் போன்றவை. மழை எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் பெய்யும். எத்தனை வயல்கள் என்று எண்ணிப் பார்த்துப் பெய்வதில்லை. ஒரு நிலையம் ஒலிபரப்பினால், பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் நிலையத்தின் வேலை ஒன்றே. ஸ்ட்ரீமிங் அப்படிப்பட்டதன்று. நீங்கள் ஒரு படத்தைக் கேட்டால் உங்களுக்கென ஓர் ஓட்டம் தனியே புறப்படுகிறது. அடுத்த வீட்டார் அதே படத்தை இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டால் அவருக்கென மற்றோர் ஓட்டம். ஒவ்வொரு வயலுக்கும் தனி மடை வைத்து நீர் விடுவதைப் போன்றது இது.

ஒரு படத்தை அவ்வாறு அனுப்புவது எளிதான காரியமா? சிறிது கணக்குப் பார்ப்போம். தெளிவான தொலைக்காட்சிப் படம் ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உண்டு. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டு என்று கொண்டால், ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட்டு ஆகும். நொடிக்கு 25 படங்கள் ஓட வேண்டும். ஆக, நொடிக்கு ஏறத்தாழ 15½ கோடி பைட்டு! இணையத்தார் பேசும் அளவையில் சொன்னால் இது நொடிக்கு 1,244 மெகாபிட். நம் ஊர்த் தெருக்களுக்கு வரும் கம்பி இதனைச் சுமக்க வல்லதன்று. ஆயினும் 5 மெகாபிட் வேகமுள்ள இணைப்பிலேயே இத்தகைய படத்தைக் கண்டு மகிழ்கிறோம். இருநூற்றைம்பதில் ஒரு பங்காக அது சுருங்கியது எங்ஙனம்?

கோயில் மண்டபத்தில் நாகசுர வித்துவான் ஒருவர் நின்று வாசிப்பதாகக் கொள்ளுங்கள். அவருக்குப் பின்னே கல்தூண் நிற்கிறது. இந்த நொடியில் இருந்த தூண் அடுத்த நொடியிலும் அவ்வாறே இருக்கிறது. அசைபவை அவருடைய விரல்கள், கன்னம், சற்றே ஆடும் சீவாளிக் கொத்து. ஆகவே தூணை நொடிக்கு இருபத்தைந்து தடவை அனுப்புவானேன்? ஒருமுறை அனுப்பிவிட்டு, ‘தூண் முன்போலவே உள்ளது, விரல் மட்டும் இவ்வளவு நகர்ந்தது’ என்று குறிப்பு அனுப்பினால் போதும். கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய நிற வேறுபாடுகளையும் விட்டுவிடலாம். 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264 என்ற முறையும், 2013 இல் வந்த எச்.265 என்ற முறையும் இக்கருத்தையே மிகவும் நுட்பமாகச் செய்கின்றன. பிந்தியது, ஏறத்தாழ அதே தெளிவை முந்தியதில் பாதியளவு இடத்திலேயே தரவல்லது.

இவ்வாறு சுருக்கிய படத்தை அனுப்புவோர் அதனைச் சில நொடிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பர். ஒவ்வொரு துண்டுக்கும் மிகத் தெளிவானது, நடுத்தரமானது, மங்கலானது எனப் பல படிகள் உண்டு. உங்கள் பெட்டி துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி, சிறிது முன்கூட்டியே தன்னிடம் சேர்த்துக்கொண்டு காட்டுகிறது. இணைய வேகம் குறைந்தால் அடுத்த துண்டை மங்கலான படியில் கேட்டு வாங்கும். மழைநாள் மாலையில் படம் திடீரென்று கலங்கிப் பின்பு தெளிவதன் காரணம் இதுவே. சேர்த்து வைத்ததும் தீர்ந்துவிட்டால் திரையில் ஒரு வட்டம் சுழலும். அந்த வட்டத்தை அறியாதவர் உங்களுள் ஒருவரும் இரார்.

படம் முடிந்தபின் பெட்டியில் எஞ்சுவது என்ன? நமக்குரியதாக ஒன்றுமில்லை. இதுதான் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மாலை நேரத்தில் சில மாணவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லி வருகிறேன். காவிரிப் படுகையைப் பற்றிய நல்ல விவரணப் படம் ஒன்று இணையத்தில் ஒரு நிறுவனத்தாரின் தொகுப்பில் இருந்தது. அதனை என் பட்டியலில் சேர்த்து வைத்தேன். பட்டியலில் அதன் படமும் பெயரும் நாள்தோறும் தெரிந்துகொண்டே இருந்தன. தெரிவதால் இருப்பதாக நினைத்தேன். மாணவர்களை அமர்த்திவிட்டுப் பெட்டியை முடுக்கிய நாளன்று, அந்நிகழ்ச்சி இப்போது கிடைக்காது என்று திரை அறிவித்தது. அவர்கள் உரிமை பெற்றிருந்த காலம் முடிந்துவிட்டதாம். அவர்கள் மீது குறை சொல்ல இடமில்லை. நான் வாங்கியது படத்தை அன்று, பார்க்கும் அனுமதியை மட்டுமே.

விலை கொடுத்து வாங்கியதே மறைந்ததும் உண்டு. 2009 சூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் என்னும் மின்நூல் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ நூலின் பதிப்பு ஒன்றை, வாங்கியவர்களைக் கேளாமலே நீக்கிவிட்டது. அப்பதிப்பை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னர் நிறுவனத்தின் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால், ஒருவர் வீட்டு அலமாரிக்குள் வெளியார் கை நீள முடியும் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

இனிப் பத்தாயத்துக்கு வருவோம்.

சர்வர் என்றால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர், உணவு விடுதியில் இலை போட்டு இட்லி கொண்டுவருபவர்தாம். கணினியுலகச் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே சமையலறையில், அதாவது வட்டில், பண்டங்கள் இருக்கின்றன. என்னென்ன உண்டு என்ற பட்டியலைச் சர்வர் வைத்திருக்கிறது. கூடத்துத் தொலைக்காட்சியோ, மாடியறைக் கணினியோ, உங்கள் கைப்பேசியோ கேட்டால், கேட்டவருக்குக் கேட்டதனை அளிக்கிறது. இந்தப் போக்குவரத்து வீட்டுக்குள் இருக்கும் ரூட்டர் வழியே நடப்பது. வெளி இணையம் அறுந்துபோனாலும் கூடத்துக்கும் மாடிக்கும் இடையிலுள்ள வழி அறுவதில்லை.

கேட்பவர் எல்லோரும் ஒரு தன்மையர் அல்லர். புதிய தொலைக்காட்சி எச்.265 முறையில் சுருக்கியதனை அப்படியே விரித்துக் காட்டும். பழைய தொலைக்காட்சிக்கு அது விளங்காது. பல் இல்லாத பெரியவருக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுப்பதுபோல, சர்வர் அப்படத்தை உடனுக்குடன் விரித்து, பழையதற்கு ஏற்ற முறையில் மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். இது கடினமான வேலை. சாதாரணப் பெட்டிகள் இவ்விடத்தில்தான் மூச்சு வாங்கும்.

இவ்விரு தொழிலையும் ஒரு பெட்டியில் சேர்த்த வரலாறு சுவையானது. 2002, 2003 ஆம் ஆண்டுகளில், எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியில் தம் சொந்தப் படங்களைப் போட்டுப் பார்க்க விரும்பிய சில ஆர்வலர்கள், ஊதியம் எதிர்பாராமல் ஒரு மென்பொருளை எழுதினர். அதுவே 2014 முதல் கோடி என்ற பெயரில் வழங்குகிறது. (நூறு லட்சம் என்ற நம் கோடிக்கும் அதற்கும் உறவில்லை.) அதிலிருந்து கிளைத்ததுதான் பிளெக்ஸ் என்பது, அது சேமித்து வைப்பதையும் காட்டுவதையும் இரு வேறு பொறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. மற்றொரு பக்கம், 2008 இல் ரோக்கு, 2013 இல் குரோம்காஸ்ட் என்று, இணையப் படங்களைத் தொலைக்காட்சியில் காட்ட மட்டுமே ஆன மலிவான கருவிகள் வந்தன. 2015 இல் என்விடியா நிறுவனம் ஷீல்டு என்ற பெட்டியை வெளியிட்டது. படங்களைச் சுருக்கி விரிப்பதற்கென்றே தனி உறுப்புகள் கொண்ட டெக்ரா எக்ஸ்1 என்ற சில்லு அதனுள் இருந்தது. 2016 இல் பிளெக்ஸ் சர்வரும் அப்பெட்டிக்குள்ளேயே இயங்கலாயிற்று. அதுவரை சர்வருக்கென்று ஒரு கணினியை இரவும் பகலும் ஓடவிட்டிருந்தவர்கள், சிறு மின்விளக்கின் அளவே மின்சாரம் கொள்ளும் பெட்டி ஒன்றால் அதே பயனைப் பெற்றனர். 2015 இல் வாங்கிய ஷீல்டு பெட்டிக்குப் பத்தாண்டுகள் வரையிலும் மென்பொருள் திருத்தங்கள் வந்தன. இத்துறையில் அது மிக அரிய செய்தி.

2019 இல் வந்த ஷீல்டு புரோவின் உள்ளே 16 ஜிகாபைட் இடமே உண்டு. ஆகவே அதன் முதுகிலுள்ள யூ.எஸ்.பி. வாயில் வெளி வட்டு ஒன்றைச் செருக வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் என்று கொண்டால் ஒரு மணி நேரப் படம் 2¼ ஜிகாபைட் ஆகும்; எனவே ஒரு டெராபைட் வட்டில் 440 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். அதே ஆண்டில் வந்த உருளை வடிவான மலிவு வகையில் யூ.எஸ்.பி. வாய் இல்லை, அது வாய்க்கால் மட்டுமே. இப்பெட்டியை வாங்க வசதி இல்லாதவர் வருந்த வேண்டாம். பழைய கணினி ஒன்றில் ஜெல்லிபின் என்ற இலவச மென்பொருளை ஏற்றினாலும் இதே சர்வர் கிடைக்கும். எம்பி என்ற மென்பொருளை ஆக்கியவர்கள் அதன் மூலத்தை மூடிவிட்டபோது, 2018 டிசம்பரில், மூடுமுன் இருந்ததனைக் கொண்டு தன்னார்வலர்கள் தொடங்கியது அது.

பத்தாயத்தில் எதனைப் போடுவது? திருட்டுத்தனமாக இறக்கிய சினிமாப் படங்களைப் போட்டு நிரப்புவோரே இன்று மிகுதி. பிறர் வயலில் அறுத்த கதிரைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பத்தாயம் நிறைந்தது என்று மகிழ்பவரிடம் எனக்குப் பேச்சில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வேறு யாரிடமும் இல்லாத நெல் சிறிது இருக்கிறது. அதனைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைத்த தலம் என்பது புராணம். அதனால் அறுபது, எழுபது, எண்பது வயது நிறைந்த தம்பதியர் நாடெங்கிலுமிருந்து இங்கு வந்து, மக்களும் பேரர்களும் சூழ மீண்டும் மாலை மாற்றிக்கொள்வர். ஏறத்தாழ 1985 முதல் இவ்வைபவங்களை வீடியோவில் பிடிப்பது வழக்கமாயிற்று. எத்தனை ஆயிரம் குடும்பங்களின் பெரியவர்கள் எங்கள் கோயில் பிரகாரத்தில் நடந்து, சிரித்து, பேரக் குழந்தையை அதட்டி, அந்நாடாக்களில் பதிந்திருப்பார்கள்! அவை இப்போது எங்கே உள்ளன?

எங்களுடையது பரணில் இருந்தது. என் தகப்பனார் 1931 இல் பிறந்தவர். தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ திரைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. புகைப்படங்கள் சிலவும் பாட்டுப் புத்தகமும் கொண்டுதான் அதனைப் பற்றிப் பேசுகிறோம். ஊரெல்லாம் ஓடிய படத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரே ஒரு நாடாவில் உள்ளதற்கு என்ன காப்பு?

1991 இல் நடந்த தகப்பனாரின் சஷ்டியப்தபூர்த்தியை மூன்று மணி நேர வி.எச்.எஸ். நாடாவில் பிடித்திருந்தோம். சடங்கு முடிந்த மாலையில், வீடியோக்காரர் மிஞ்சிய நாடாவை வீணாக்க மனமின்றித் திண்ணையில் அமர்ந்திருந்த தகப்பனாரைப் பேசச் சொன்னார். அவர் என் பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு நெல் வகைகளைச் சொல்லத் தொடங்கினார். கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், குழியடிச்சான் என்று பெயர் சொல்லி, ஒவ்வொன்றையும் எந்த மண்ணில் எந்த மாதத்தில் விட வேண்டும் என்றும் விளக்கினார். 1952 நவம்பர் 30 இல் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. உப்பு ஏறிய கொல்லையில் அதன்பின் குழியடிச்சானை விட்டுத் தேற்றிய விதத்தையும் அதில் சொன்னதாக எங்களுக்கு நினைவு. நினைவு என்று சொல்வதன் காரணம் உண்டு.

நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர்த் தகட்டின்மேல் காந்தப் பொடி பூசியது. நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் அதன் விளிம்பில் வெண்பூசணம் படரும். 2004 இல் ஒரு கடையில் கொடுத்துக் குறுவட்டில் ஏற்றி வாங்கினோம். அதில் சடங்கு மட்டுமே இருந்தது. முடிவில் உள்ள திண்ணைப் பேச்சை வேண்டாததென்று விட்டுவிட்டனர். சில ஆண்டுகளில் அவ்வட்டும் ஓடவில்லை. நாடா இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். ஆனால் நாடாவை ஓட்டும் பொறி வேண்டுமல்லவா? உலகில் கடைசியாக அதனைச் செய்துவந்த சப்பானின் புனாய் நிறுவனமும் 2016 சூலையில் நிறுத்திவிட்டது.

என் பழைய மாணவர் ஒருவர் ஓட்டக்கூடிய பொறி ஒன்றைத் தேடிப் பிடித்து, பூசணத்தை மெல்லத் துடைத்து, கணினியோடு இணைத்து ஓட்டினார். இதில் விரைவு என்பது கிடையாது. மூன்று மணி நாடாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். சடங்கு வந்தது. திண்ணை வந்தது. தகப்பனார் காட்டுயானம் வரை சொன்னார். அதற்குமேல் திரை முழுதும் பனி பெய்ததுபோல் ஆயிற்று; இரைச்சலின் நடுவே ‘குழியடிச்சான்’ என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. ஏறக்குறைய பதினொரு நிமிடத்தில் ஆறு நிமிடமே மீண்டது. பரணில் கிடந்த ஆண்டுகளுள் ஏதோ ஒன்றில் மற்ற ஐந்து நிமிடமும் போய்விட்டது. எந்த ஆண்டு என்று யார் சொல்வார்?

மீண்டதனை இப்பெட்டியின் வட்டில் ஏற்றினோம். சினிமாப் படமாக இருந்தால் சர்வர் அதன் பெயரைக் கண்டு நடிகர் பெயரையும் விளம்பரப் படத்தையும் தானே தேடி ஒட்டிக்கொள்ளும். வீட்டுப் படத்துக்கு அந்த உதவி இல்லை. நாமே பெயர் எழுத வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணை முன்னே வைத்து, பிறகு நிகழ்ச்சி, பின்பு அதில் உள்ளவர் பெயர் என்று எழுதினால், பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும். படத்திலுள்ள பெரியவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடிய அத்தை ஒருத்தி உயிரோடிருக்கையிலேயே இதனைச் செய்துவிட வேண்டும். எங்கள் பட்டியலில் ‘இடப்பக்கம் நிற்பவர் தெரியவில்லை’ என்று ஏழு இடங்களில் எழுதியிருக்கிறேன்.

சொந்தப் பத்தாயத்திலும் பூட்டு ஒருவரிடம், திறவுகோல் ஒருவரிடம் என்ற நிலை உண்டு. பிளெக்ஸ் சர்வரில் நுழைய அந்நிறுவனத்தாரின் இணையக் கணக்கு வேண்டும். இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள் திறக்குமாறு முன்கூட்டியே அமைப்புகளில் குறித்துவைக்காவிட்டால், படம் நம் வட்டில் இருந்தும் வாயிலில் நிற்க நேரும். வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்க முன்பு கட்டணம் இல்லை. 2025 ஏப்ரல் 29 முதல் கட்டணம் உண்டு. ஜெல்லிபின், கோடி முதலியவற்றில் இக்கட்டு இல்லை. ஆனால் அவற்றை அமைப்பதில் உழைப்பு சற்றே அதிகம்.

அதனினும் பெரிய ஆபத்து வேறு. வட்டு ஒரு பொறி, ஒருநாள் நிற்கும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, தெற்கே எத்தனையோ வீடுகளில் ஓடு பறந்து மழை உள்ளே இறங்கியது. அங்கே இணையத்தில் வைத்திருந்தவர்களுக்குப் பல நாள் மின்சாரமும் தொடர்பும் இல்லை. வீட்டில் வைத்திருந்தவர்களுக்குப் பொருளே நனைந்தது. பத்தாயம் ஒன்றாக இருக்கும்வரை இந்த அச்சம் தீராது. ஒரே படத்துக்கு மூன்று பிரதி, அவை இருவகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது இத்துறையார் கைக்கொள்ளும் கணக்கு.

எங்களிடம் ஒரு பிரதி பெட்டியோடு இணைந்த வட்டில் உள்ளது. மற்றொன்று என் கணினியில். மூன்றாவது கும்பகோணத்தில் மகள் வீட்டு அலமாரியில், உப்புக் காற்று எட்டாத இடத்தில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் அரிசியோடு இருக்கிறது. ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும் என்பது அவள் துணிபு. மருமகன் சிலிக்கா உறை வாங்கி வைத்தால் போதும் என்கிறார். எனக்கும் அதுவே சரி என்று தோன்றுகிறது. தைப் பொங்கலுக்கு அவர்கள் வரும்போது வட்டைக் கொண்டுவருவார்கள். அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்தவற்றை அதில் ஏற்றி, பழையவை ஓடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்புவேன். அந்த ஆறு நிமிடத்தை முதலில் திறப்பது வழக்கம். பேரன் காட்டுயானம் வரை கூடவே சொல்லுவான்.